இடது சீட்டில் யார்?

ஜெரூஷா அழவில்லை. ஜெயக்கொடிக்கு அதுவே பிடித்துப் போயிற்று.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி, ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். அங்கே வருகிற பெண்கள் பெரும்பாலும் படியேறும்போதே அழ ஆரம்பித்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்குச் சொன்ன வேலை நிஜமா, சொன்ன வீடு சொந்தமா, சொல்லாத கல்யாணம் ஏதாவது உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் ஜெயக்கொடியின் தொழில். அதற்கு முன்னால் பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கார் விபத்துகளைத் துப்பறிந்தவள். "நசுங்கின காரும் நிச்சயமான கல்யாணமும் ஒண்ணுதான். ரெண்டிலயும் முதல்ல சொல்ற கதையை நம்பக்கூடாது," என்பாள்.

"மாப்பிள்ளை பேர்?"

"ஃபிரெடி, மேடம். தாம்பரத்துல டிரைவிங் ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டர். எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்ததே அவர்தான்."

"லவ்வு சொல்றதுக்கு முன்னாடி எட்டு போட்டுக் காட்டினாரா?" என்றான் தீனா.

தீனா ஜெயக்கொடியின் உதவியாளன். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆட்டோவை விற்றுவிட்டான். வாயை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஜெரூஷா லேசாகச் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவள்போல முதுகை நிமிர்த்தினாள்.

"போன சனிக்கிழமை சாயங்காலம் ஃபிரெடியை ட்ராஃபிக் போலீஸ் பிடிச்சுட்டாங்க. இதே ரோட்டுல, டிரைவிங் ஸ்கூல் கார்ல. ஊதச் சொன்னாங்க. ஊதினார். மெஷின் கத்திடுச்சு."

"குடிக்கிறவரா?"

"இல்லன்னுதான் நினைச்சேன். ஒரே ஒரு பீர், முதல் தடவை, மன்னிச்சுடுன்னார். முதல் தடவைன்னா பத்தாயிரம் ஃபைனாம். பெரிய தொகைதான், இருந்தாலும் மன்னிச்சுட்டேன்."

"மன்னிச்சாச்சுன்னா என்கிட்ட என்ன வேலை?"

"கார்ல அவர் தனியா இல்ல, மேடம். பக்கத்து சீட்டுல யாரோ இருந்திருக்காங்க. எங்க சர்ச் அக்கா ஒருத்தங்க பஸ்ல போகும்போது பார்த்திருக்காங்க. முகம் தெரியலையாம். யாருன்னு கேட்டா, 'ஸ்டூடண்ட்'ங்கிறார். எந்த ஸ்டூடண்ட்னா சுவரைப் பார்க்கிறார். ஒரு வாரமா எங்க வீட்டுச் சுவரை அவர் பார்க்கிற மாதிரி பெயின்டர்கூடப் பார்த்திருக்க மாட்டார்."

"பொண்ணோன்னு சந்தேகமா?"

"எனக்கு இல்ல. அம்மாவுக்கு." ஒரு நிமிஷம் யோசித்தாள். "எனக்கும்தான்."

அவள் சொன்னதிலிருந்து விஷயம் இவ்வளவுதான். ஜெரூஷாவின் வீடு அஸ்தினாபுரத்தில். வேலை சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில். அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை சொல்ல நியாயமான காரணம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இன்று வியாழன். வருகிற ஞாயிறு மூன்றாவது.

"அதுக்குள்ள கார்ல இருந்தது யாருன்னு தெரியலன்னா, எழுந்து நின்னு நானே தடை சொல்லுவேன்னு அம்மா சொல்லிட்டாங்க. எங்கம்மா சொன்னா செய்வாங்க, மேடம்."

"அப்பா என்ன சொல்றார்?"

"அப்பா பாவம். 'பையன் நல்லவன், விட்டுடு தபீதா'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க. அன்னைலேருந்து பேப்பரை விட்டுத் தலையை எடுக்கல."

அவள் போனதும் தீனா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, குடிச்சிட்டு வண்டி ஓட்டினா சட்டம் இன்னா சொல்லுது? எனக்கில்ல. பொது அறிவுக்கு."

"முதல் தடவைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா பத்தாயிரம் ஃபைன், இல்ல ரெண்டும். மறுபடி மாட்டினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா பதினஞ்சாயிரம், இல்ல ரெண்டும். லைசென்ஸையும் பிடுங்கி வச்சுக்குவாங்க."

"ஃபைன்ல அஞ்சாயிரந்தான் வித்தியாசம். ஜெயில்ல ஒன்றரை வருஷமா?"

"பணத்தைப் பார்த்துப் பயப்படாதவன் ஜெயில் சோத்தைப் பார்த்துப் பயப்படட்டும்னு எழுதியிருக்காங்க. கிளம்பு."

தலைமைக் காவலர் முனிரத்தினம் குரோம்பேட்டை சிக்னலுக்குக் கொஞ்சம் தள்ளி, மேம்பாலத்தின் நிழல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே தானும் நகர்ந்துகொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் நாட்களிலிருந்தே ஜெயக்கொடியைத் தெரியும். சனிக்கிழமை பிடித்த டிரைவிங் ஸ்கூல் கார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அத மறக்க முடியுமாம்மா? வண்டி வந்த அழகைப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. குதிக்குது, நிக்குது. மறுபடி குதிக்குது, ஆஃப் ஆவுது. மிரண்ட மாடு மாதிரி வருது. மேல பாத்தா 'இங்கு கார் ஓட்ட நன்கு பயிற்சி அளிக்கப்படும்'னு போர்டு. ஊத வச்சேன்."

"ஓட்டினவர் தகராறு பண்ணாரா?"

"சேச்சே. தங்கமான பையன். சார் சார்னு ஊதினான். இப்படி மரியாதையா ஊதினவன நான் பாத்ததே இல்ல. பாவமாத்தான் இருந்துச்சு, இன்னா பண்றது? கோர்ட்டுல பதினஞ்சு கட்டியாவணும். ஜட்ஜு மனசு வச்சாத்தான் அதோட விடுவாரு."

"பதினஞ்சா? தக்காளி மாதிரி இதுவும் வெல ஏறிடுச்சா?" என்றான் தீனா.

ஜெயக்கொடி அவன் காலை மிதித்தாள். "பக்கத்து சீட்டுல யாரு, ஏட்டையா?"

"ஓட்டுறவனத்தான் ஊதச் சொல்லுவோம். பக்கத்துல யார் இருந்தா எனக்கு இன்னா? கர்ச்சீப்பால மூஞ்சப் பொத்திக்கினு இருமிக்கினே இருந்தாரு. வயசான ஆளு. ஆம்பளதான், அதுல சந்தேகம் வேணாம்."

நடந்துகொண்டே தீனா போனை எடுத்தான். "அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடவா அக்கா? 'பொண்ணு இல்ல, ஆம்பள, ஹேப்பியா இரு'ன்னு."

"அவசரப்படாதே. ஆம்பளைன்னா ஃபிரெடி எதுக்கு மறைக்கணும்? 'எதிர் வீட்டு அங்கிளுக்குக் கிளாஸ் எடுத்தேன்'னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. இன்னொண்ணு கவனிச்சியா? தினமும் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அடுத்தவனுக்கு கிளட்ச் பிடிக்கக் கத்துக்கொடுக்கிறவன், ஒரு பீருக்கு ஜாம்ல வண்டியை ஆஃப் பண்ணுவானா?"

"ஒரு பீருக்கு நான்கூட ஆஃப் பண்ண மாட்டேன்," என்றான் தீனா. ஜெயக்கொடி திரும்பிப் பார்த்ததும், "ஆட்டோல கிளட்ச்சு கைல கீது, அதச் சொன்னேன்," என்று திருத்திக்கொண்டான்.

போலீஸ் நின்ற இடத்துக்கு முன்னால், வண்டிகள் வரிசையில் தேங்கும் இடத்தில், ஏஞ்சலின் இளநீர் வண்டி. அந்த ரோட்டில் யார் எதில் போனாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். தீனாவுக்குப் பழைய பழக்கம்.

"ஏஞ்சலக்கா, சனிக்கெழம ஒரு டிரைவிங் ஸ்கூல் காரு குதிச்சு குதிச்சு வந்துச்சாமே?"

"ஐயே, அத ஏன் கேக்குற." ஏஞ்சல் கத்தியை இளநீரிலேயே செருகி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "என் வண்டியாண்டதான் அரமணி நேரம் நின்னுகினு கீது. ஓட்டுற பெர்சு கண்ணாடிக்கு வெளிய கைய நீட்டி, இப்புடி மேல கீழ, மேல கீழ ஆட்டுறாரு. கோழிக்குஞ்சத் தடவுற மாதிரி. எனக்கு டாட்டா காட்டுறாரோன்னு நானும் காட்டிட்டேன்."

ஜெயக்கொடியின் கையிலிருந்த இளநீர் வாய்க்குப் போகாமல் நின்றது.

"ஓட்டினது பெர்சா? பையன் இல்லையா?"

"பையன் இந்தாண்ட குந்தினு இருந்தான். பெர்சுதான் ஓட்டுனாரு. வெள்ளச் சட்ட, முழுக்கை. வாட்ச்ச சோத்துக்கைல கட்டினு இருந்தாரு. வண்டி ஒவ்வொரு வாட்டி ஆஃப் ஆயி ஸ்டார்ட் ஆவும்போதும் 'ஸ்தோத்திரம்'ன்றாரு. நானும் சர்ச்சுக்குப் போறவதான், ஆனா கியர் போடுறதுக்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லி இப்பத்தான் பாக்குறேன். அப்புறம் முன்னாடி போலீசு நிக்கிறது தெரிஞ்சிச்சா, உள்ள ஒரே பேஜாரு. ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி, கால இழுத்து, கையப் புடிச்சு, எடம் மாத்திகினாங்க. பெர்சு முட்டி பட்டு ஹாரன் வேற அடிச்சிகினே கீது."

தீனா இளநீருக்குப் பணம் கொடுத்துவிட்டு நெற்றியைத் தடவினான்.

"அக்கா, அப்ப ஓட்டினது ஃபிரெடியே இல்ல."

"இல்ல. ஒரு வாரமா எல்லாரும் இடது சீட்டுல யார்னு தேடிக்கிட்டிருக்காங்க. அந்த ஆள் வலது சீட்டுல இருந்தார்."

"கைய நீட்டி ஆட்டினது போதைலயா?"

"தாம்பரத்துல எந்தக் குடிகாரன் கையால சிக்னல் காட்டுறான்? குடிக்காதவனே காட்டுறதில்ல. வேகத்தைக் குறைக்கப் போறேன்னு இந்த ரோட்டுல முறையா கை காட்டுறது ஒரே ஒரு ஜாதிதான். இன்னும் நாலஞ்சு நாள்ல ஆர்.டி.ஓ. டெஸ்ட் இருக்கிறவங்க."

"ஸ்டூடண்ட். அப்ப ஃபிரெடி சொன்னது நெசந்தான்." தீனா கண்ணைச் சுருக்கினான். "ஸ்தோத்திரம், வெள்ளச் சட்ட... அக்கா, பாஸ்டரு காரு கத்துகினாரா? ஓல வாசிக்கிறவரே மாட்டிக்கினாரா?"

"உன் கற்பனைக்கு முதல்ல பிரேக் போடு. அஸ்தினாபுரம் போகலாம். பொண்ணு வீட்டுக்கு."

ஜெரூஷா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். வந்தவர்களை "கல்யாண ஏற்பாடு விஷயமா வந்திருக்காங்க" என்று அறிமுகப்படுத்தினாள். ஒரு வகையில் அது பொய்யில்லை.

அம்மா தபீதாள் வாசல் கதவைத் திறந்த விதத்திலேயே, இந்த வீட்டில் தடை சொல்ல வேறு யாரும் தேவைப்பட மாட்டார்கள் என்று தெரிந்தது. அப்பா தேவானந்தம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹாலில் நாளிதழுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்காக அதைக் கீழே இறக்கிக் கும்பிட்டார். முழுக்கைச் சட்டை. வலது மணிக்கட்டில் வாட்ச்.

தீனா ஜெயக்கொடியைப் பார்த்தான். ஜெயக்கொடி வேண்டுமென்றே சுவரைப் பார்த்தாள்.

"காபி எடுத்துக்கிட்டு வர்றேன்," என்று தபீதாள் சமையலறைக்குப் போனாள்.

"சார், உங்ககிட்ட ஒரு சந்தேகம்," என்றாள் ஜெயக்கொடி. "இவன் லைசென்ஸ் விஷயமா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போறான். வண்டி வேகத்தைக் குறைக்கும்போது கையால எப்படிக் காட்டணும்னு கேப்பாங்களாம். தெரியலைங்கிறான்."

தீனா வலது கையை நீட்டி, மாடு விரட்டுவதுபோல வீசினான்.

தேவானந்தத்தின் உதடு துடித்தது. அவர் தன்னை அடக்கிக்கொள்ளப் பார்த்தது நன்றாகத் தெரிந்தது. தீனா இன்னும் மோசமாக வீசினான்.

"அப்படி இல்ல தம்பி," என்றார் தேவானந்தம், தாங்கமாட்டாமல். "கையை நேரா நீட்டணும். உள்ளங்கை கீழ பார்க்கணும். மெதுவா மேல, கீழ. மேல, கீழ. அவசரமே கூடாது."

"வலது பக்கம் திரும்ப?"

"உள்ளங்கை முன்னால பார்க்க நேரா நீட்டு."

"நிறுத்த?"

"முழங்கையை மடக்கி, கையை நிமிர்த்தி..."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

கேட்டது ஜெயக்கொடியில்லை. காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற தபீதாள். "ஸ்கூட்டர் வச்சிருந்த காலத்துல இண்டிகேட்டரே போட மாட்டீங்க. இடது பக்கம் திரும்பினப்புறம் இடதுன்னு எங்கிட்ட சொல்லுவீங்க."

தேவானந்தத்தின் கை நிறுத்தச் சொல்லும் நிலையிலேயே நின்றுவிட்டது.

"அப்பா," என்றாள் ஜெரூஷா மெதுவாக. "தினம் சாயங்காலம் நீங்க போறது வாக்கிங்தானே?"

அவர் கையை இறக்கினார். வாட்சை ஒரு தடவை சுற்றிவிட்டுக்கொண்டார்.

"கல்யாணத்தன்னைக்கு உன்னை சர்ச்சுக்கு நானே கார் ஓட்டிக் கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சேன், ஜெரூ. வாடகைக் கார்ல, யாரோ ஒரு டிரைவரோட இல்ல. மாப்பிள்ளைதான் யாருக்கும் சொல்லாம கத்துக் குடுத்தார். திங்கட்கிழமை எனக்கு டெஸ்ட்."

ஹாலில் ஒரு நிமிஷம் எல்லோர் மனசும் இளகியது. தபீதாள் மட்டும் காபித் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"பீரு?" என்றாள்.

"கடைசி கிளாஸ்னு... நான்தான் கூப்பிட்டேன். மாமனார் கூப்பிட்டா அவர் எப்படி முடியாதுன்னு சொல்வார்?"

"போலீஸைப் பார்த்ததும் எதுக்கு சார் எடம் மாத்தினீங்க?" என்றாள் ஜெயக்கொடி. "உங்களுக்கும் பத்தாயிரம்தானே?"

தேவானந்தம் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பார்க்க இனி யாரும் இல்லாததால் தீனாவைப் பார்த்தார்.

"எனக்கு அது ரெண்டாவது தடவை."

தட்டு மேஜைமேல் இறங்கியது. காபி கொஞ்சம் சாஸரில் சிந்தியது.

"போன வருஷம், ஆபீஸ்ல ஒருத்தர் ரிட்டயர் ஆன பார்ட்டி. ஸ்கூட்டர்ல வர்றப்ப..."

"நோ பார்க்கிங்ல தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னீங்களே, அன்னைக்கா?" தபீதாளின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "முட்டி வலின்னு வித்தீங்களே, அந்த ஸ்கூட்டரா? முட்டிக்கு நான் தினம் ராத்திரி தைலம் தேய்ச்சு விட்டேனே, அந்த முட்டியா?"

"அதுவும் கொஞ்சம் வலிச்சது," என்றார் தேவானந்தம்.

தீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

ஜெரூஷா போனை எடுத்தாள். "ஃபிரெடி, வீட்டுக்கு வாங்க. இப்பவே. கார்ல யார் இருந்தாங்கன்னு தெரிஞ்சுபோச்சு," என்று மட்டும் சொன்னாள்.

லைசென்ஸைப் பறிகொடுத்த ஃபிரெடி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். உயரமான, கூச்சமான இளைஞன். உள்ளே நுழைந்ததும் மாமனாரின் முகத்தைப் பார்த்தான். விஷயம் புரிந்தது. பழக்கம்போல அவன் கண் சுவரைத் தேடியது.

"எல்லாம் சொல்லிட்டேன், மாப்பிள்ளை," என்றார் தேவானந்தம். பாரம் இறங்கியதில் அவருக்குப் பேச்சு வந்திருந்தது. "இவர் தங்கம், தபீதா. எனக்கு ரெண்டாவது தடவை, ரெண்டு வருஷம் உள்ள வச்சிடுவாங்கன்னு நடுங்கிட்டேன். மாப்பிள்ளைக்கு முதல் தடவைதானே, பத்தாயிரத்தோட முடிஞ்சிடும், நானே கட்டிடறேன்னு கெஞ்சினேன். ஒரு வார்த்தை பேசல. இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துட்டார். இந்தக் காலத்துல எந்தப் பையன் செய்வான்?"

ஜெரூஷாவின் முகத்தில் ஒரு வாரத்துக் கசப்பு கரைய ஆரம்பித்தது. தபீதாள்கூட ஃபிரெடியை உட்காரச் சொல்லக் கை காட்டினாள்.

தீனா எழுந்தான். "கேஸ் முடிஞ்சுது அக்கா. கெளம்பலாமா?"

ஜெயக்கொடி எழுந்திருக்கவில்லை.

"பத்தாயிரம் இல்ல சார்," என்றாள் தேவானந்தத்திடம். "பதினஞ்சு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஃபிரெடி மட்டும் பார்க்கவில்லை.

"ஏட்டையா காலையில சொன்னார். பேச்சுவாக்குல வாய் தவறிடுச்சோன்னு முதல்ல நினைச்சேன். தினமும் இதே வேலையா இருக்கிறவருக்கு இந்தக் கணக்கு தூக்கத்துல கேட்டாலும் தப்பாது. கேஸ் இருக்கிறது ஃபிரெடி பேர்ல. முதல் தடவைக்குப் பத்து. பதினஞ்சுன்னா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியவன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி," என்றான் ஃபிரெடி. "என் ஃபிரெண்ட் விக்கியோட பிறந்த நாள். பைக்ல வர்றப்ப பிடிச்சாங்க. அபராதம் கட்டினேன். டிரைவிங் ஸ்கூல்ல தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லல. ஜெரூகிட்டயும்."

தேவானந்தம் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "அப்ப... உங்களுக்கும் ரெண்டாவதா?"

"ஆமா மாமா."

"அப்ப நாம எடம் மாத்திக்கிட்டது?"

"ஒண்ணுத்துக்கும் பிரயோஜனம் இல்ல, மாமா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? உங்க பொண்ணைக் கட்டிக்கப் போறவன், எனக்கும் ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு உங்ககிட்டயே சொல்ல முடியுமா? கல்யாணம் நின்னுடும்னு பயந்தேன்."

"ரெண்டு பேரும் ரிப்பீட்டு," என்றான் தீனா, அடக்கமுடியாமல். "யாரு ஓட்டினாலும் ஒரே ரேட்டு. நடு ரோட்டுல குஸ்தி போட்டு ஹாரன் அடிச்சதுதான் மிச்சம்."

யாரும் சிரிக்கவில்லை. தபீதாள் இரண்டு ஆண்களையும் நேராகப் பார்த்தாள்.

"அந்த ஜாம்ல ஒரு பிள்ளை சைக்கிள்ல குறுக்க வந்திருந்தா, அதுக்கு யார் முதல் தடவை, யார் ரெண்டாவது தடவைன்னு பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்களா?"

இரண்டு ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஜெரூஷா ஃபிரெடியின் முன்னால் வந்து நின்றாள். அம்மா அப்பா எதிரில் எப்போதும் 'நீங்க' என்பவள், இப்போது அதை மறந்துபோனாள்.

"எடம் மாறும்போது ரெண்டு வருஷம் உள்ள போகலாம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா மாறின?"

"மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல, ஜெரூ. அந்த நேரத்துல வேற எதுவும் தோணல."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று ஜெயக்கொடியாலேயே துப்பறிய முடியவில்லை.

"முதல் தடவைன்னு நீ சொன்னதை நம்பித்தான் மன்னிச்சேன். அந்த மன்னிப்பு செல்லாது," என்றாள். பிறகு ஜெயக்கொடியின் பக்கம் திரும்பினாள். "மேடம், ஓட்டினது அப்பான்னு சொன்னா என்ன ஆகும்?"

"அப்பா மெஷின்ல ஊதல. அவர் குடிச்சிருந்தார்னு நிரூபிக்கிறது சுலபம் இல்ல. ஃபிரெடி ஓட்டலைன்னா அவர் மேல இருக்கிற கேஸும் ஆட்டம் காணும். ஆனா போலீஸை ஏமாத்தினதுக்குத் தனியா என்ன வரும்னு வக்கீலைத்தான் கேட்கணும். ஒண்ணும் வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

தேவானந்தம் எழுந்தார். சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"எது வந்தாலும் வரட்டும். நான் போய்ச் சொல்லிடறேன். என் பொண்ணு கல்யாணத்தை நானே நிறுத்திட்டு, பேப்பருக்குப் பின்னால எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்?"

ஜெயக்கொடியின் பழைய மாருதி வாசலில் நின்றது. தேவானந்தம் பழக்க தோஷத்தில் வலது கதவுப் பக்கம் நடந்தார். கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். அவர் பின்சீட்டில் போய் ஏறிக்கொண்டார்.

வண்டியை ஜெரூஷா ஓட்டினாள். பக்கத்தில் ஃபிரெடி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. பின்னால் கணவனுக்கும் ஜெயக்கொடிக்கும் நடுவில் தபீதாள். தீனா பைக்கில் பின்தொடர்ந்தான். ஜெரூஷா எங்கேயும் வண்டியை ஆஃப் செய்யவில்லை. நெரிசலான இடத்தில்கூட கிளட்சை அவ்வளவு பதமாக விட்டாள். சொல்லிக் கொடுத்தவன் நல்ல வாத்தியார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரமுடியாது.

போக்குவரத்துக் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தவர், ஐந்து பேர் சேர்ந்து உள்ளே வருவதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். முனிரத்தினம் ஒரு ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

"சரி. சனிக்கிழமை காரை ஓட்டினது யாரு?"

"நான்தான் சார்," என்றார் தேவானந்தம்.

"நான்தான் சார்," என்றான் ஃபிரெடி, அதே நொடியில்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு காருக்கு ரெண்டு டிரைவரா?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டி சார்," என்றான் அப்போதுதான் உள்ளே வந்த தீனா. "ரெண்டு பக்கமும் பிரேக் கீது."

"அன்னைக்கு ஓட்டினது எங்கப்பா," என்றாள் ஜெரூஷா. "இவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். நேர்ல பார்த்த சாட்சி இருக்கு." ஃபிரெடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

முனிரத்தினம் டம்ளரோடு அருகில் வந்தார். "அதானே. பையன் ஊதின ஊதலுக்கும் வண்டி வந்த வரத்துக்கும் பொருத்தமே இல்லியேன்னு எனக்கு அன்னைக்கே..."

"அன்னைக்கே தோணியிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பிறகு இரண்டு ஆண்களையும் கொஞ்ச நேரம் திட்டினார். நிதானமாக, வரிசையாக, தபீதாளே தலையசைத்து ஆமோதிக்கும் அளவுக்குத் திட்டினார். இன்ஸ்பெக்டர் வந்துதான் முடிவு செய்யவேண்டும், வாக்குமூலத்தைத் திருத்தி எழுதுவதால் எல்லாம் மறைந்துவிடாது, ஆள் மாறி உட்கார்ந்ததற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க ஜெரூஷா. இவர் உங்கப்பா, அவங்க அம்மா." பேனா ஃபிரெடியின் பக்கம் நீண்டது. "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

தேவானந்தம் வாட்சை இறுகப் பிடித்துக்கொண்டார். ஃபிரெடியின் முன்னால் நல்ல நீளமான சுவர் ஒன்று இருந்தது. இந்தத் தடவை அவன் அதைப் பார்க்கவில்லை. ஜெரூஷாவைப் பார்த்தான்.

அவள் அவசரப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு மூணாவது ஓலை வாசிக்கிறாங்க, சார். அம்மா எழுந்து நிக்க மாட்டாங்க."

தபீதாள் மகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு ஓலை விவகாரம் புரியவில்லை. "அதெல்லாம் சரிம்மா. இப்ப நான் என்னன்னு எழுதறது?"

"இப்போதைக்கு," என்றாள் ஜெரூஷா, "என்னோட ஜாமீன்ல இருக்கார்னு எழுதிக்குங்க."